பட்டியலில் இடம்பெறாத சரக்கு

கப்பல் ஒன்று விபத்துக்குள்ளானதாகத் தகவல் கிடைத்தால் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று, பத்திரிகைத் துறைக்குள் நான் நுழைந்த புதிதில் எனது செய்தி ஆசிரியர் கற்றுத்தந்தார். எத்தனை பேர் இறந்தார்கள்? எவ்வளவு எண்ணெய் கசிந்தது? நட்டம் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் செய்தி பூரணமாகிவிடும் என்பது அவரது போதனை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனக்குப் பின்னர் ஆசிரிய பீடத்துக்கு வந்த இளைஞர்களுக்கு நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

2021 மே மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றி எரிந்தபோதும் அந்த மூன்று கேள்விகளே கேட்கப்பட்டன. மாலுமிகள் 25 பேரும் உயிருடன் மீட்கப்பட்டார்கள். தாங்கிகளில் இருந்த எரிபொருள் கரையோரத்தைக் கறுப்பாக்கிவிடும் என்று அஞ்சப்பட்ட அளவுக்குக் கசிவு ஏற்படவில்லை. நட்டம் மதிப்பிடப்பட்டு வருவதாக அதிகாரிகள் கூறினார்கள். பெரிய எழுத்துத் தலைப்புகள் அனைத்தும் தீயைப் பற்றியும் 25 தொன் நைத்திரிக் அமிலத்தைப் பற்றியுமே இருந்தன. கப்பலில் வேறு என்ன இருந்தது என்ற நான்காவது கேள்வியை நாம் உரிய நேரத்தில் கேட்கவில்லை. அதற்கான விடை சில தினங்களில் தானாகவே கரை ஒதுங்கியது.

அந்த விடை, சவ்வரிசி அளவிலான வெண்ணிற மணிகள். பிளாஸ்டிக் பொருட்களை உருவாக்குவதற்கான மூலப்பொருள் இந்த வடிவத்திலேயே உலகெங்கும் ஏற்றியிறக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் இவற்றை 'நேர்டில்' என்பார்கள். 5 மில்லிமீற்றரிலும் சிறிய பிளாஸ்டிக் அனைத்தையும் நுண்பிளாஸ்டிக் என்று வகைப்படுத்தும் இன்றைய அறிவியலின்படி, இவை பிறக்கும்போதே நுண்பிளாஸ்டிக்காகப் பிறப்பவை. போத்தல்களும் பைகளும் கடலில் சிதைந்து நுண்துகள்களாவதற்கு ஆண்டுகள் பல செல்லும். இந்த மணிகளுக்கு அந்தத் தாமதமும் தேவைப்படுவதில்லை.

இந்த மணிகள் கடலுக்கு வந்து சேர்ந்த வரலாறு எக்ஸ்பிரஸ் பேர்ளுடன் ஆரம்பமாகவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்னரே அது அறியப்பட்டிருந்தது. அறியப்பட்ட ஒரு விடயம் எவ்வாறு ஆவணங்களில் இடம்பெறாமலே போனது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறேன்.

மெழுகு போன்ற ஒரு வெண்பொருள்

1933 மார்ச்சில் இங்கிலாந்தின் செஷயர் பிராந்தியத்தில் உள்ள வின்னிங்டன் என்ற இடத்தில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் எரிக் ஃபோசெட், ரெஜினோல்ட் கிப்சன் என்ற இரு இரசாயனவியலாளர்கள் எதிலீன் வாயுவை மிக உயர்ந்த அமுக்கத்துக்கு உட்படுத்திப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. கலனின் அடியில் மெழுகு போன்ற வெண்பொருள் சிறிதளவு படிந்திருந்தது. அதுவே பொலிஎதிலீன். நாம் பொலித்தீன் என்று நாள்தோறும் வாயால் சொல்லுகின்ற அதே பொருள்.

இரண்டாம் உலகப் போரின்போது ராடர் கருவிகளின் மின்வடங்களுக்குக் காப்பு உறையாக அது பயன்பட்டது. போர் முடிந்ததும் அதே பொருள் சமையலறைக்கும் சந்தைக்கும் வந்தது. 1950 இல் உலகின் பிளாஸ்டிக் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 20 இலட்சம் தொன்னாக இருந்தது. இன்று அது 40 கோடித் தொன்னைத் தாண்டிவிட்டது. மூலப்பொருளை ஒரு நாட்டில் உற்பத்தி செய்து இன்னொரு நாட்டில் உருக்கி வார்ப்பதே இலாபகரமானது என்று ஆனபோது, தானியத்தைப்போல அளக்கவும் கொட்டவும் கூடிய மணி வடிவம் வசதியாக அமைந்தது. தானியம் சிந்தினால் பறவைகள் பொறுக்கும், எஞ்சியது மக்கிப்போகும். பிளாஸ்டிக் மணி சிந்தினால் அது கிடந்த இடத்திலேயே கிடக்கும், அல்லது மழைநீருடன் வடிகால் வழியாகக் கடலைச் சென்றடையும்.

சர்காசோ கடலில் கண்டது

1971 இல் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எட்வேர்ட் கார்பென்டர், அத்திலாந்திக் சமுத்திரத்தின் சர்காசோ கடற்பரப்பில் மிதக்கும் பாசிகளைச் சேகரிப்பதற்காக நுண்ணிய வலையை இழுத்தபோது, பாசிகளுடன் சிறிய பிளாஸ்டிக் துண்டுகளும் வந்து சேர்ந்தன. கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் கடல் அது. சதுர கிலோமீற்றர் ஒன்றுக்குச் சராசரியாக 3,500 துண்டுகள் இருப்பதாக அவரும் அவரது சகாவான ஸ்மித்தும் 1972 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார்கள். அவற்றுட் பல, நாம் இங்கு பேசிக்கொண்டிருக்கும் மணிகள்தாம். அதே ஆண்டின் பிற்பகுதியில், நியூ இங்கிலாந்தின் தென்பகுதிக் கரையோர நீரில் பொலிஸ்டைரீன் உருண்டைகள் காணப்படுவதையும், மீன்கள் அவற்றை விழுங்கியிருப்பதையும் கார்பென்டர் குழுவினர் இன்னொரு கட்டுரையில் பதிவு செய்தார்கள்.

1972 ஆம் ஆண்டு என்பதை வாசகர்கள் கவனத்திற்கொள்ள வேண்டும். இலங்கை குடியரசாகிய அதே ஆண்டு. கரையோரக் கடல்நீரில் பிளாஸ்டிக் மணிகள் இருக்கின்றன, மீன்கள் அவற்றை உண்கின்றன என்ற இரண்டு உண்மைகளும் அப்போதே அச்சில் வந்துவிட்டன.

கப்பல்களிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் வீசுவதைத் தடைசெய்யும் சர்வதேச விதிகள், மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு மூலம் 1988 டிசெம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தன. மாலுமி ஒருவர் பிளாஸ்டிக் கோப்பை ஒன்றைக் கடலில் எறிவது அன்றிலிருந்து குற்றம். ஆனால், கப்பல் சேதமடைந்து அதன் விளைவாகத் தற்செயலாகக் கடலில் விழும் பொருளுக்கு அந்தத் தடை பொருந்துவதில்லை. ஆபத்தான சரக்குகளுக்கென வேறு விதிகள் உண்டு. அமிலம், வெடிபொருள், எரிதிரவம், நஞ்சு என்று நீளும் பட்டியல் அது. எந்தக் கொள்கலனை எங்கே அடுக்கவேண்டும், என்ன அடையாளம் ஒட்டவேண்டும், எதனை எதற்கு அருகில் வைக்கக்கூடாது என்பதையெல்லாம் அந்தப் பட்டியலே தீர்மானிக்கிறது. பிளாஸ்டிக் மணிகள் அதில் இல்லை. அவை எரிந்து வெடிப்பதில்லை, தொட்டவரை நோகச்செய்வதும் இல்லை. எனவே சாதாரண சரக்கு என்ற வகைக்குள் அவை அடங்கிவிட்டன.

அமெரிக்க பிளாஸ்டிக் தொழிற்றுறையினர் 1991 இல் மணிகள் சிந்துவதைத் தடுப்பதற்கென ஒரு திட்டத்தை ஆரம்பித்தார்கள். சிந்துகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அத்திட்டத்தில் இணைவது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்தது.

பழைய மாதிரிகள் சொன்ன உண்மை

2001 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த மணிகளின் இன்னொரு குணத்தை வெளிப்படுத்தினார்கள். கடல்நீரில் மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும் பி.சி.பி., டி.டி.ரி.யின் எச்சங்கள் போன்ற நச்சு இரசாயனங்களை மணிகள் தமது மேற்பரப்பில் ஈர்த்துச் சேர்த்துக்கொள்கின்றன. சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல இலட்சம் முதல் பத்து இலட்சம் மடங்கு வரையான செறிவு மணிகளில் காணப்பட்டது. அந்த ஆய்வில் பங்குகொண்ட ஹிதெஷிகே தகாடா, உலகெங்குமுள்ள கடற்கரைகளிலிருந்து பொதுமக்கள் மணிகளைப் பொறுக்கித் தபாலில் அனுப்பும் ஏற்பாடொன்றை 2005 இல் தொடங்கினார்.

பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தொம்சனும் அவரது சகாக்களும் 2004 இல் வெளியிட்ட ஆய்வே நுண்பிளாஸ்டிக் என்ற சொல்லை அறிவியல் உலகில் நிலைநிறுத்தியது. அந்த ஆய்வில் என்னைப்போன்ற பத்திரிகைக்காரனை ஈர்த்த பகுதி ஒன்று உண்டு. பிரித்தானியக் கடல்களில் வர்த்தகக் கப்பல்களின் பின்னால் ஒரு கருவியைக் கட்டி இழுத்து, மிதவை நுண்ணுயிர்களைச் சேகரிக்கும் வழக்கம் 1930 களில் ஆரம்பமானது. சேகரித்த மாதிரிகளை எறிந்துவிடாமல் ஆண்டுவாரியாகப் பேணி வைத்திருந்தார்கள். தொம்சன் குழுவினர் 1960 கள் முதலான பழைய மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தபோது, எவரும் தேடாத பிளாஸ்டிக் இழைகள் அவற்றில் இருந்தன. 60 களையும் 70 களையும்விட 80 களிலும் 90 களிலும் அவை தெளிவாக அதிகரித்திருந்தன. சாட்சியம் அலுமாரியில் பல தசாப்தங்களாக இருந்திருக்கிறது. கேள்விதான் பிந்தி வந்தது.

இதற்கிடையில் விபத்துக்கள் எச்சரித்துக்கொண்டே இருந்தன. 2012 ஜூலையில் வீசிய சூறாவளியின்போது ஹொங்கொங் அருகே கப்பலொன்றிலிருந்து விழுந்த கொள்கலன்களில் சுமார் 150 தொன் மணிகள் இருந்தன. பொதுமக்கள் சல்லடைகளுடன் கடற்கரைகளுக்குச் சென்று பொறுக்கினார்கள். 2017 ஒக்டோபர் 10 ஆம் திகதி தென்னாபிரிக்காவின் டேர்பன் துறைமுகத்தில் புயலில் சிக்கிய கப்பலிலிருந்து 49 தொன் மணிகள் கடலில் கலந்தன. அடுத்த பெரும் விபத்து எங்கே நிகழும் என்பது மட்டுமே தெரியாதிருந்தது.

1,486 கொள்கலன்கள்

2020 செப்டெம்பரில் 'நியூ டயமண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் கிழக்கே சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெய் அதில் இருந்தது. அந்தச் சரக்கு கடலில் கலவாமல் தப்பித்தோம். அந்த நிம்மதியே அடுத்த ஆபத்தையும் எண்ணெயாகவே கற்பனை செய்ய எம்மைப் பழக்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

எக்ஸ்பிரஸ் பேர்ள், 2021 இன் ஆரம்பத்திலேயே சேவைக்கு வந்த, சிங்கப்பூர்க் கொடியுடைய புத்தம் புதிய கப்பல். ஜெபல் அலியிலிருந்து புறப்பட்ட அதில், கொள்கலன் ஒன்றிலிருந்து நைத்திரிக் அமிலம் கசிவது மே 11 ஆம் திகதியளவில் தெரியவந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகமும் இந்தியாவின் ஹஸீரா துறைமுகமும் அதனை இறக்குவதற்கு இணங்கவில்லை. மே 19 ஆம் திகதி இரவு கப்பல் கொழும்புக்கு அப்பால் வந்து நங்கூரமிட்டது. மறுநாள் புகை எழுந்தது. 25 ஆம் திகதி பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. இலங்கைக் கடற்படையினரும் இந்தியக் கரையோரக் காவற்படையினரும் பல தினங்கள் போராடியே தீயைக் கட்டுப்படுத்தினார்கள். ஜூன் 2 ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது கப்பலின் பின்புறம் கடலடியில் தட்டி நின்றுவிட்டது.

கப்பலில் இருந்த 1,486 கொள்கலன்களில் 81 ஆபத்தானவை என அறிவிக்கப்பட்டிருந்தன. அந்த 81 ஐயே நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் ஆலோசனைக் குழு 2021 ஜூலையில் அளித்த அறிக்கை, சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கப்பலில் இருந்ததாகவும், உலகில் இதுவரை பதிவான பிளாஸ்டிக் மணிக் கசிவுகளில் இதுவே மிகப் பெரியது எனவும் தெரிவித்தது. ஒரு கிலோகிராமில் 40,000 முதல் 50,000 வரை மணிகள் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 6,700 கோடியைத் தாண்டுகிறது. டேர்பனில் விழுந்ததைப்போல 34 மடங்கு. இவை அனைத்தும் சாதாரண சரக்காகவே வந்தன.

அது கொரோனா காலம். பயணக் கட்டுப்பாடு அமுலில் இருந்தது. சரக்குவ, பமுனுகம கரைகளில் பனிபோலக் குவிந்திருந்த மணிகளை, உடல் முழுவதையும் மூடிய உடையணிந்த படையினர் வாரி எடுத்துப் பைகளில் நிரப்பும் படங்களையே நாம் பார்த்தோம். செவுள்களில் மணிகள் சிக்கிய மீன்களின் படங்களும் வெளியாகின. கட்டுப்பாடு தளர்ந்த பின்னர் நான் அந்தக் கரைக்குச் சென்றேன். மேலே மணல் சுத்தமாகத் தெரிந்தது. ஒரு பிடி அள்ளி விரல்களுக்கிடையே சொரியவிட்டபோது மணல் இறங்கியது; மணிகள் உள்ளங்கையில் தங்கின. சில வெள்ளை, சில மஞ்சள், சில கருகி ஒன்றோடொன்று உருகி ஒட்டியவை. தீயில் அகப்பட்டுக் கருகியவை இரசாயன ரீதியில் மேலும் சிக்கலானவை என்பதைக் கடலுயிரியலாளர் ஆஷா டி வொஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினார்கள்.

அங்கு வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த வயோதிபர் ஒருவர் தமிழும் சிங்களமும் கலந்து என்னுடன் பேசினார். கடலுக்குப் போகத் தடை இருந்த நாட்களைவிடத் தடை நீங்கிய நாட்களே தம்மை வருத்தியதாக அவர் சொன்னார். தடை இருந்தபோது போக முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நீங்கிய பின்னர் மீன் பிடித்துக்கொண்டு வந்தால் வாங்குவதற்கு ஆளில்லை. சந்தைக்கு வந்தவர்கள் மீனின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். எந்தக் காப்புறுதிப் படிவத்தில் இதனை எந்த நிரலில் எழுதுவது என்று அவர் என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பொறுப்புக்கு ஓர் எல்லை

கப்பல் உரிமையாளரின் பொறுப்பை ஒரு தொகைக்குள் மட்டுப்படுத்தும் சட்டக் கோட்பாடு 18 ஆம் நூற்றாண்டு பிரித்தானியாவிலேயே சட்டமாகிவிட்டது. ஒரு விபத்தினால் உரிமையாளர் முற்றாக அழிந்துபோகும் நிலை இருந்தால் எவரும் கப்பலில் முதலிட மாட்டார்கள் என்பது அதற்கான நியாயம். இன்றும் அந்தத் தொகை கப்பலின் கொள்ளளவைக் கொண்டே கணிக்கப்படுகிறது. அது விளைவித்த சேதத்தின் அளவு அங்கு கணக்கில் வருவதில்லை. அந்த வழியில், இலண்டன் கடற்சட்ட நீதிமன்றம் 2023 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் உரிமையாளர்களின் பொறுப்பைச் சுமார் 1 கோடியே 90 இலட்சம் பவுணாக மட்டுப்படுத்தியது.

கொழும்பில் வேறொரு தராசு பயன்படுத்தப்பட்டது. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, சுற்றாடல் நீதி நிலையம் உட்படப் பல தரப்பினர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்கள் மீது உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24 ஆம் திகதி தீர்ப்பளித்தது. 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் இறந்து கரையொதுங்கியமை கருத்தில் எடுக்கப்பட்டது. உரிமையாளர் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலரை இழப்பீடாகச் செலுத்தவேண்டும் என்று ஐந்து நீதியரசர்கள் அடங்கிய ஆயம் உத்தரவிட்டது. எமது அரச தரப்பினரின் தவறுகளையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டத் தவறவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில், இவ்வளவு தொகையைச் செலுத்தினால் கடல் வணிகத்தில் பொறுப்பின் எல்லை என்ற கோட்பாடே ஆட்டங்காணும் என்று கூறிக் கப்பல் நிறுவனம் மறுத்துவிட்டது. நீதிமன்றத்தின் தொகைக்கும் நிறுவனம் ஏற்கத் தயாராக இருக்கும் தொகைக்கும் இடையில் அந்த வலைக்காரரின் வாழ்க்கை கிடக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து

எக்ஸ்பிரஸ் பேர்ளில் வெடிப்பு நிகழ்ந்த அதே மே 25 ஆம் திகதி, சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 இல், கேரளத்தின் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கொள்கலன் கப்பல் மூழ்கியது. சுமார் 640 கொள்கலன்கள். அப்போதும் முதற் செய்திகள் எரிபொருளைப் பற்றியும், நீர் பட்டால் எரிவாயுவை வெளியிடும் கல்சியம் காபைட்டைப் பற்றியுமே பேசின. சில தினங்களில் திருவனந்தபுரத்தின் கரைகளில் வெள்ளை மணிகள் ஒதுங்கின. பின்னர் தனுஷ்கோடியில். சோளகக் காற்று வீசும் பருவம் அது. நீரோட்டம் எங்கே கொண்டுவந்து சேர்க்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

ஜூன் மாதத்தில் ஒருநாள், மன்னாரிலிருந்து நெடுங்காலம் எமக்குச் செய்தி அனுப்பிவந்த நண்பர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, இஞ்சையும் வந்திட்டுது" என்றார். எது வந்தது என்று நான் கேட்கவில்லை. போரினால் பல்லாண்டுகள் கடலுக்குப் போக முடியாதிருந்த மக்களின் கரை அது. எந்தத் துறைமுகத்திலும் அவர்களுக்குப் பங்கில்லை. எந்தக் கொள்கலனும் அவர்களுக்காக வரவில்லை. கரைவலை இழுக்கிற மணலில் யாருடையவோ மூலப்பொருள் வந்து கிடந்தது.

எக்ஸ்பிரஸ் பேர்ள் அழிவின் பின்னர், பிளாஸ்டிக் மணிகளை ஆபத்தான சரக்காக வகைப்படுத்துமாறு சர்வதேச கடல்சார் அமைப்பிடம் இலங்கை 2021 இல் கோரிக்கை விடுத்தது. 2024 மார்ச்சில் அந்த அமைப்பு சில பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டது. தரமான பொதியிடல், சரக்கைத் தெளிவாக அறிவித்தல், இயன்றவரை தளத்துக்குக் கீழே அடுக்குதல் என்பன அவை. நல்ல பரிந்துரைகள்தாம். ஆனால் அவை பரிந்துரைகள் மட்டுமே. எல்சா 3 மூழ்கியபோது எவரையும் கட்டுப்படுத்தும் விதியாக அவை இருக்கவில்லை. பிளாஸ்டிக் மாசு பற்றிய உலக உடன்படிக்கைக்கான பேச்சுக்கள் 2024 டிசெம்பரில் பூசானிலும் 2025 ஓகஸ்டில் ஜெனீவாவிலும் இணக்கமின்றிக் கலைந்தன.

பத்திரிகை அலுவலகங்களில் பழைய இதழ்களை மாதவாரியாகக் கட்டி வைத்திருப்பார்கள். பிளிமத்தின் மாதிரிப் புட்டிகளைப்போல அவையும் ஒரு நாள் திறந்து பார்க்கப்படும். 2021 மே மாதக் கட்டைப் புரட்டும் ஓர் ஆய்வாளர், முதற்பக்கங்களில் தீயையும் அமிலத்தையும் காண்பார். மணிகளைக் காண அவர் உட்பக்கங்கள் வரை செல்லவேண்டியிருக்கும். கார்பென்டர் எழுதி 49 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அது எமக்கு முதற்பக்கச் செய்தியாகத் தோன்றவில்லை. சட்டத்தின் பட்டியலில் இல்லாததைச் செய்தியின் பட்டியலிலும் சேர்க்காமல் விட்ட பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு.

இளம் செய்தியாளர்கள் எவரேனும் இன்று என்னிடம் கேட்டால், எனது ஆசிரியர் கற்றுத்தந்த மூன்று கேள்விகளையும் அப்படியே சொல்லுவேன். அவற்றுக்குப் பின்னர், சரக்குப் பட்டியல் முழுவதையும் கேட்டு வாங்குங்கள், ஆபத்தானது என்று குறிக்கப்படாத பக்கங்களை முதலில் வாசியுங்கள் என்றும் சொல்லுவேன்.